தோல்விகளை எண்ணினால் போதுமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் தெருவில் குடியிருக்கும் வாழைக்குலை வியாபாரி ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு என் வீட்டிற்கு வந்தார். வடசேரிச் சந்தையில் அவருக்குக் கடை இருக்கிறது. பையன் பதினோராம் வகுப்பு மாணவன். ஓராண்டாகக் குத்துச்சண்டை பழகி வருகிறான். அவனுடைய அக்கா எங்கள் கல்லூரியில் என்னிடம் இயற்பியல் படிப்பவள். ஆகவே அந்த வீட்டில் ஏதாவது வழக்கு என்றால் தீர்ப்புக்கு என்னிடம் வருவது வாடிக்கையாகிவிட்டது.

"சாரே, இவன் நாலு தடவ மேடை ஏறினான். மூணு தடவ தோத்துட்டு வந்து நிக்கான். நாலுல மூணு போச்சுன்னா, அது நமக்கு ஒக்காதுன்னுதானே அர்த்தம்? கையுறையத் தூக்கிப் பரண்ல போடு மக்ளேன்னு சொல்லுகேன். நீங்களும் ஒரு வாக்கு சொல்லுங்க."

பையன் எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தந்தையின் கணக்கு சரிதான் என்று அவனும் நம்பிவிட்டான் என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கு வருத்தம் தந்தது அதுதான். ஏனென்றால் அந்தக் கணக்கு தவறு. கூட்டல் கழித்தலில் தவறு இல்லை. எதை அளக்கிறோம் என்பதில் தவறு.

"அண்ணாச்சி, மட்டிக்குலையில் காய் அதிகமா, ஏத்தன் குலையில் அதிகமா?" என்று கேட்டேன். "மட்டியிலதான் அதிகம். அதுக்கென்ன?" என்றார். "அப்படியானால் காயை எண்ணியே விலை பேசுவீர்களா?" அவர் சிரித்துவிட்டார். காயின் எண்ணிக்கை பொய்யல்ல. ஆனால் எந்த இனம், எவ்வளவு பருமன், எவ்வளவு முற்றியது என்பதெல்லாம் தெரியாமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த வியாபாரியும் காசை எடுத்து நீட்டமாட்டான். குத்துச்சண்டை வீரனின் தோல்விக் கணக்கும் அப்படிப்பட்டதே என்பது என் கருத்து.

முதலில் பையனிடம் விவரம் கேட்டேன். அவன் கலந்துகொண்டவை மூன்று போட்டிகள். முதற்போட்டியில் முதல் சண்டையிலேயே தோல்வி. இரண்டாவதில் ஒரு சண்டையில் வென்று, அடுத்ததில் தோற்றான். மூன்றாவதில், முன்பே மாநில அளவுக்குச் சென்று வந்த ஒரு மாணவனிடம் முதல் சண்டையிலேயே தோற்றான். ஆக, நான்கு சண்டைகள். ஒரு வெற்றி, மூன்று தோல்விகள்.

மாணவ நண்பர்களே, நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். பள்ளிக் குத்துச்சண்டை நாக்-அவுட் முறையில் நடக்கிறது. தோற்றவன் வீட்டுக்குப் போகவேண்டும். 16 பேர் கலந்துகொண்டால் ஒருவன் மட்டும் தோல்வியின்றித் திரும்புவான். மற்ற 15 பேரும் ஆளுக்கொரு தோல்வியுடன் திரும்புவார்கள். இறுதிச் சண்டை வரை வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றவனுக்கும் ஒரு தோல்வி. கையுறை மாட்டிய முதல் நிமிடத்திலேயே விழுந்தவனுக்கும் அதே ஒரு தோல்வி. ஒரு போட்டியில் ஒரு தோல்விக்கு மேல் வாங்க முடியவே முடியாது! ஆகவே நம் பையனின் 'மூன்று தோல்விகள்' என்பதற்குப் பொருள் என்ன? அவன் மூன்று போட்டிகளுக்குப் போனான், மூன்றிலும் தங்கம் வெல்லவில்லை என்பதே. அதற்குமேல் அந்த எண்ணில் ஒன்றும் இல்லை.

ஒலிம்பிக் குத்துச்சண்டையில் வெண்கலப் பதக்கம் யாருக்குக் கிடைக்கிறது தெரியுமா? அரையிறுதியில் தோற்ற இருவருக்கும். 2008-ல் பெய்ஜிங்கில் விஜேந்தர் சிங், 2012-ல் லண்டனில் மேரி கோம், 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில் லவ்லினா போர்கோஹைன் ஆகிய மூவரும் இந்தியாவுக்குக் கொண்டுவந்த வெண்கலம் ஒவ்வொன்றும், கணக்குப் புத்தகத்தில் பார்த்தால், ஒரு தோல்வியுடன் முடிந்த பயணம்தான். சென்னையைச் சேர்ந்த வி. தேவராஜன் 1994-ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வென்ற வெண்கலமும் அவ்வாறே. மேரி கோம் 2001-ல் தம் முதல் உலகச் சாம்பியன் போட்டியின் இறுதிச் சண்டையில் தோற்று வெள்ளியுடன்தான் திரும்பினார். உலகத் தங்கங்கள் ஆறும் அதற்குப் பின்பு வந்தவை.

"அதெல்லாம் சரி சாரே. முகமது அலி மாதிரி பெரிய ஆளெல்லாம் தோத்திருக்காங்களா?" என்று கேட்டார் தந்தை.

நல்ல கேள்வி. வடசென்னையின் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகளைப் பற்றி 2021-ல் வந்த திரைப்படத்தின் மூலம் உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். குத்துச்சண்டையை அப்படி நேசித்த அந்தச் சென்னைக்கு 1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முகமது அலியே நேரில் வந்தார். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸ் என்ற தம் பழைய எதிராளியுடன் காட்சிச் சண்டை போட்டார். அப்போது அவர் ஓய்வு அறிவித்திருந்த காலம். அன்று அவர் கணக்கில் இருந்த தோல்விகள் மூன்று: 1971-ல் ஜோ ஃபிரேசியரிடம், 1973-ல் கென் நார்ட்டனிடம், 1978-ல் லியான் ஸ்பிங்க்ஸிடம்.

இந்த மூன்றையும் சற்று நின்று பாருங்கள். வியட்நாம் போருக்குப் படையில் சேர மறுத்ததற்காக அலியின் பட்டம் பறிக்கப்பட்டது. 1967 முதல் 1970 வரை மூன்றரை ஆண்டுகள் அவர் சண்டையிடவே முடியவில்லை. ஒரு வீரனின் உடல் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகள் அவை. திரும்பி வந்து மூன்றாவது சண்டையிலேயே, அதுவரை தோல்வியே காணாத ஃபிரேசியருடன் பதினைந்து சுற்றுகள் நின்று தோற்றார். நார்ட்டனுடனான சண்டையில் அவருடைய தாடை எலும்பு முறிந்தது. அப்படியும் பன்னிரண்டு சுற்றுகளை முடித்தார். பிறகு என்ன நடந்தது? ஃபிரேசியரை 1974-லும் 1975-லும் வென்றார். நார்ட்டனை 1973-லும் 1976-லும் வென்றார். ஸ்பிங்க்ஸை ஏழே மாதங்களில் வென்று பட்டத்தைத் திரும்பப் பெற்றார். அதாவது, சென்னை மக்கள் அவரைப் பார்த்த அந்த நாளில், அலியை வென்றவன், பின்னர் அலியிடம் தோற்காதவன் என்று உலகத்தில் ஒருவர்கூட இல்லை! 'மூன்று தோல்விகள்' என்று எழுதினால் இந்தச் செய்தி எங்கே போகிறது?

அதே ஆண்டு அக்டோபரில், ஓய்வைக் கைவிட்டு, 38 வயதில் லாரி ஹோம்ஸை எதிர்த்து மேடை ஏறினார். பத்துச் சுற்றுகளுக்குப் பின் அவருடைய பயிற்சியாளரே சண்டையை நிறுத்திவிட்டார். 1981 டிசம்பரில், நாற்பது வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது, டிரெவர் பெர்பிக்கிடம் தோற்றார். இவை நான்காவது, ஐந்தாவது தோல்விகள். மொத்தம் 61 சண்டைகள், 56 வெற்றிகள், 5 தோல்விகள் என்று நூல்கள் எழுதுகின்றன. கடைசி இரண்டும் அலி எவ்வளவு நல்ல வீரர் என்பதைச் சொல்கின்றனவா, அல்லது அவருக்கு எவ்வளவு வயதாகிவிட்டது என்பதைச் சொல்கின்றனவா? வெப்பமானியைப் பனிக்கட்டியில் வைத்து அளந்துவிட்டு, அறையின் வெப்பநிலை இதுவே என்று எழுதுவதைப் போன்றது இது.

இன்னும் பெரிய எடுத்துக்காட்டும் உண்டு. சுகர் ரே ராபின்சன் என்ற அமெரிக்க வீரரை, எல்லா எடைப் பிரிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் இதுவரை வந்தவர்களில் மிகச் சிறந்தவர் என்று சொல்வோர் பலர். அவருடைய தோல்விகள் 19. ஆனால் 1951-ன் நடுப்பகுதி வரை அவர் கணக்கில் 128 வெற்றிகளும் ஒரே ஒரு தோல்வியும்தான் இருந்தன. மற்ற பதினெட்டும் பிறகு, அவர் 44 வயது வரை சண்டையை விடாமல் தொடர்ந்ததால் சேர்ந்தவை. முப்பது வயதில் நிறுத்தியிருந்தால் கணக்கு அழகாக இருந்திருக்கும். அதனால் அவர் மேலும் சிறந்த வீரராகிவிடுவாரா, என்ன?

இனித் தோல்வியே இல்லாதவர்களைப் பார்ப்போம். ராக்கி மார்சியானோ 49 சண்டைகளில் 49 வெற்றி பெற்று 1956-ல் ஓய்வு பெற்றார். அவர் பெரும் வீரர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. தொழில்முறைக் குத்துச்சண்டையில் யாருடன் யார் மோதுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பதில்லை. பணம் போடுபவர்களும் மேலாளர்களும் பேசித் தீர்மானிக்கிறார்கள். இளம் வீரன் ஒருவனின் பெயருக்குப் பக்கத்தில் 'தோல்வி 0' என்று இருந்தால்தான் நுழைவுச்சீட்டு விற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே பலவீனமான எதிராளிகளைத் தேடிக் கொடுக்கிறார்கள்.

இங்கே நம் இயற்பியலின் அழிவின்மை விதி போன்ற ஒன்று வேலை செய்கிறது. சமனில் முடிந்தவற்றை விட்டுவிட்டால், ஒருவனுக்கு வெற்றி என்று எழுதும்போதெல்லாம் மற்றொருவனுக்குத் தோல்வி என்று எழுதியே ஆகவேண்டும். உலகத்தின் வெற்றிகளைக் கூட்டினாலும் தோல்விகளைக் கூட்டினாலும் ஒரே தொகைதான் வரும். ஒருவன் கணக்கில் தோல்வியே இல்லை என்றால், அந்தத் தோல்விகள் மறைந்துபோகவில்லை. வேறு யாரோ அவற்றைச் சுமக்கிறார்கள். இங்கிலாந்தில் பீட்டர் பக்லி என்று ஒருவர் இருந்தார். 1989 முதல் 2008 வரை 300 சண்டைகள். 32 வெற்றி, 12 சமன், 256 தோல்வி! வளர்ந்து வரும் இளைஞர்களுக்கு எதிராக, குறுகிய அவகாசத்தில் அழைத்தாலும் வந்து நிற்பது அவருடைய தொழில். பின்னாளில் உலகச் சாம்பியனான நசீம் ஹமீதுடன் இரண்டு முறை மோதியிருக்கிறார். 256 முறை தோற்றவர் மோசமான வீரர் என்று நினைக்கிறீர்களா? திறமையற்ற ஒருவனால் இருபது ஆண்டுகள் அந்த மேடையில் நின்று உடம்போடு வீடு திரும்பியிருக்க முடியாது. எத்தனையோ பேருடைய அழகான பூஜ்யத்தைத் தம் முதுகில் சுமந்தவர் அவர்.

அப்படியானால் எப்படித்தான் அளப்பது? இதற்கு ஒரு வழி கண்டவர், பெருமையுடன் சொல்கிறேன், என்னைப் போல் ஓர் இயற்பியல் ஆசிரியர். ஹங்கேரியில் 1903-ல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அர்பாட் எலோ, மில்வாக்கி நகரின் மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். நல்ல சதுரங்க ஆட்டக்காரர். அவர் வகுத்த தரவரிசை முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-ல் ஏற்றுக்கொண்டது. ஆனந்த், குகேஷ் ஆகியோரின் பெயருடன் செய்தித்தாளில் வரும் அந்த நான்கிலக்க எண் இவருடைய முறையில் வந்ததே.

அதன் சாரம் எளிது. ஆட்டத்துக்கு முன்பே, இருவருடைய புள்ளிகளின் வித்தியாசத்திலிருந்து, எதிர்பார்க்கும் முடிவைக் கணக்கிடுகிறோம். சமமானவர்கள் என்றால் ஆளுக்கு 0.5. எதிராளி 400 புள்ளி மேலே இருந்தால் உங்களுக்கு எதிர்பார்ப்பு பதினொன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.09. ஆட்டம் முடிந்தபின், கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மாறிலியால் பெருக்கி, புள்ளியில் கூட்டவோ குறைக்கவோ செய்கிறோம். மாறிலியை 20 என்று வையுங்கள். உங்களைவிட 400 புள்ளி மேலான ஒருவரிடம் தோற்றால் உங்களுக்கு இழப்பு 1.8 புள்ளிதான். சமமானவரிடம் தோற்றால் 10. உங்களைவிட 400 புள்ளி கீழானவரிடம் தோற்றால் 18.2. மூன்றும் 'ஒரு தோல்வி' என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுபவை. ஆனால் ஒன்று மற்றொன்றைப்போல் பத்து மடங்கு கனமானது!

மறுபக்கத்தையும் பாருங்கள். 400 புள்ளி கீழானவரை வென்றால் கிடைப்பதும் 1.8 தான். மிக எளிய எதிராளிகளைப் பத்துப் பேரை வரிசையாக வென்று சேர்ப்பதை, ஒரே ஒரு வலியவரை வென்று சேர்த்துவிடலாம். இது நியாயம்தானே? ஆய்வுக்கூடத்துத் தராசின் ஒரு தட்டில் ஒரு கிராம் எடையையும் மறு தட்டில் ஒரு செங்கல்லையும் வைத்தால் தட்டு 'தொம்' என்று இறங்கும். அதிலிருந்து செங்கல்லின் எடையைப் பற்றி என்ன கற்றீர்கள்? ஒன்றுமில்லை. இரு தட்டுகளும் ஏறத்தாழச் சமமாக இருந்து முள் ஊசலாடும்போதுதான் தராசு எதையாவது சொல்கிறது. தோற்கவும் கூடும் என்ற சண்டைதான் வீரனை அளக்கும் சண்டை. குகேஷ் 2024-ல் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலகப் பட்டம் பெற்ற தொடரில், 14 ஆட்டங்களில் இரண்டில் தோற்றார். அவற்றில் ஒன்று முதல் ஆட்டம்.

எலோவே தம் முறையைப் பற்றி அதிகம் பெருமை பேசவில்லை. நீரில் மேலும் கீழும் ஆடும் ஒரு தக்கையின் இடத்தை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பதற்கு அதை ஒப்பிட்டார். குளச்சலிலோ முட்டத்திலோ வலையின் மிதப்புக் கட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சதுரங்கத்திலாவது 'ராஜா' பிடிபட்டதா இல்லையா என்பதில் சந்தேகம் இல்லை. குத்துச்சண்டையில் அதுகூட மனிதர்களின் தீர்ப்பு. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிச் சண்டையில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்துகளைச் சேர்த்தார்; கொரியாவின் பார்க் சி-ஹுன் 32. நடுவர்கள் 3-2 என்று பார்க்குக்குத் தங்கம் கொடுத்துவிட்டார்கள்! ராய் ஜோன்ஸின் ஏட்டில் அது இன்றும் தோல்விதான். அந்தக் கூச்சலுக்குப் பிறகே 1992 ஒலிம்பிக்கில் மின்பொறி வைத்துப் புள்ளி எண்ணும் முறை வந்தது. அதிலும் குறை கண்டு பின்னர் அதையும் கைவிட்டார்கள். அளக்கும் கருவியிலேயே இத்தனை பிழை இருக்கும்போது, வந்த எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளலாமா? செய்முறை வகுப்பில் பிழையைக் குறிக்காமல் விடையை மட்டும் எழுதி வந்தால் நான் பாதி மதிப்பெண் குறைப்பேன்.

இவ்வளவும் சொன்னபின் தந்தை சற்று யோசித்தார். "அப்போ தோத்தா தோத்துக்கிட்டே இருக்கட்டும்னு சொல்லுகீங்களா சாரே?"

இல்லை. இந்த இடத்தில் நான் தந்தையின் பக்கம்தான். சதுரங்கத்தில் தோற்றவனுக்கு வலி மனத்தோடு நின்றுவிடும். குத்துச்சண்டையில் அப்படியல்ல. நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்குப் போகும் பேருந்தில் நின்றுகொண்டிருக்கிறீர்கள். வில்லுக்குறி அருகே ஓட்டுநர் சட்டென்று பிரேக் போடுகிறார். பேருந்து நின்றுவிட்டது, ஆனால் உங்கள் உடம்பு முன்னே போகிறது. நிலைமம் என்று படித்திருக்கிறீர்கள். தலைக்குள்ளும் இதே கதைதான். மூளை மண்டையோட்டோடு இறுக ஒட்டியதல்ல. நீர்மத்தில் மிதக்கும் மிருதுவான பொருள். குத்து விழுந்ததும் மண்டையோடு சட்டென நகர்கிறது, சுழல்கிறது. மூளை பின்தங்கி, பிறகு வேகமாக வந்து மோதுகிறது, முறுக்கப்படுகிறது. உள்ளே இருக்கும் நுண்ணிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. தலைக்கவசம் தோல் கிழிவதைத் தடுக்கும். உள்ளே நடக்கும் இந்தச் சுழற்சியை முழுவதும் தடுக்க அதனால் முடியாது.

ஆனால் கவனியுங்கள்: இந்தச் சேதம் வெற்றி தோல்வி பார்த்து வருவதில்லை. 1975-ல் மணிலாவில் அலியும் ஃபிரேசியரும் கடும் வெப்பத்தில் பதினான்கு சுற்றுகள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். ஃபிரேசியரின் கண்கள் வீங்கிவிட்டதால் அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் கடைசிச் சுற்றுக்கு அவரை அனுப்ப மறுத்தார். அலி வென்றார். ஏட்டில் அது வெற்றிக் கட்டத்தில் இருக்கிறது. அலியின் மூளைக்கு அந்தக் கட்டம் தெரியுமா? 1984-ல் அவருக்கு பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர்கள் அறிவித்தார்கள். எந்த அடியால் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் தோல்விகளை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவன் மணிலாவைக் கவனிக்கவே மாட்டான்.

நம் மாவட்டத்து ஆசான்மார் அடிமுறையையும் வர்ம வைத்தியத்தையும் சேர்த்தே கற்பித்துவந்தார்கள் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. அடிக்கச் சொல்லித்தருபவனுக்கே அடிபட்டவனைத் தேற்றும் பொறுப்பும் இருந்தது. இக்காலப் பயிற்சியாளரிடமும் நான் எதிர்பார்ப்பது அதையே. எடி ஃபட்ச் அன்று செய்தது ஒரு தோல்வியை ஏற்றுக்கொண்டது மட்டுமல்ல. தம் வீரன் பார்வையோடு வீடு திரும்பவேண்டும் என்று தீர்மானித்ததும் ஆகும். தோல்வியே கூடாது என்று பயிற்சியாளரை நெருக்கும் பெற்றோர், அவர் துண்டை வீசவேண்டிய நேரத்தில் அவர் கையைக் கட்டிப்போடுகிறார்கள்.

ஆகவே நான் சொன்ன தீர்ப்பு இது. பையன் தொடர்ந்து பழகட்டும். ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் போடட்டும். வெற்றி, தோல்வி என்ற கட்டத்தோடு வேறு கட்டங்களும் வேண்டும்: எதிராளிக்கு எத்தனை சண்டை அனுபவம், எந்தச் சுற்றில் மூச்சு வாங்கியது, தலையில் எத்தனை அடி விழுந்தது. கடைசிக் கட்டம் ஏறிக்கொண்டே போனால், வெற்றி எத்தனை குவிந்தாலும் கையுறை பரணுக்குப் போகவேண்டும்.

"தலையில விழுந்த அடிய மேடைக்குக் கீழ நின்னு யாரு சாரே எண்ணதுக்கு?" என்றார் தந்தை. அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. பதில் சொன்னது அவருடைய மகள். தம்பியின் சண்டைகளைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தாளாம். அடுத்த இரண்டு மாலைகள் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் மெதுவாக ஓட்டி எண்ணி, திங்கட்கிழமை செய்முறைக் குறிப்பேட்டோடு சேர்த்து அந்தக் கணக்கையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். நான்கு சண்டைகளில் பையன் தலையில் மிக அதிகமாக அடி வாங்கியது, அவன் வென்ற அந்த ஒரே சண்டையில்தான். இடது கையைத் தாழ்த்திக்கொண்டே முன்னேறியிருக்கிறான். இப்போது பயிற்சியாளர் குத்துவதை நிறுத்திவைத்துவிட்டு, அந்த இடது கையைத் தாடைக்கு உயர்த்திப் பிடிக்கப் பழக்குகிறார்.